தோட்டம் நகரத்தை மூடும்போது: ஜான் ஃபாக்ஸின் வர்ஜின் ஆண்டுகள்

நான்கு ஆல்பங்கள், நான்கு எண்கள்: 18, 24, 27, 85. 1980 ஜனவரிக்கும் 1985 இறுதிக்கும் இடையில் வர்ஜின் இசைப்பதிவு நிறுவனத்துக்காக ஜான் ஃபாக்ஸ் வெளியிட்ட நான்கு ஆல்பங்களும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டிய இடங்கள் இவை. இந்த எண்களை வைத்தே ஒரு கதையைக் கட்டிவிடலாம்; நாற்பது ஆண்டுகளாகக் கட்டியும் வந்திருக்கிறார்கள். சிந்தசைசர் இசைக்குப் புது வழி திறந்த ஒரு மனிதர், முதல் ஆல்பத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு வந்ததெல்லாம் சறுக்கல். கடைசியில் இசையையே விட்டுப் போனார். ராக், பாப் வரலாறுகளில் ஃபாக்ஸுக்குப் பெரும்பாலும் ஒரு பத்திதான் கிடைக்கிறது. அந்தப் பத்தி 'மெட்டமாட்டிக்' என்ற முதல் ஆல்பத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தும் விடுகிறது.

2014இல் எட்ஸல் நிறுவனம் வெளியிட்ட 'தி வர்ஜின் இயர்ஸ் 1980–1985' என்ற பெட்டித் தொகுப்பு, அந்தப் பத்தியை நீட்டி எழுதச் சொல்கிறது. ஐந்து குறுந்தகடுகள். நான்கில் அந்த நான்கு ஆல்பங்கள்: 'மெட்டமாட்டிக்', 'தி கார்டன்', 'தி கோல்டன் செக்‌ஷன்', 'இன் மிஸ்டீரியஸ் வேஸ்'. ஐந்தாவதில் ஆல்பங்களில் சேராமல் தனியே வந்த பாடல்களின் தொகுப்பு. வாங்குகிறவர்கள் முதல் தகட்டுக்காக வாங்குவார்கள்; மற்றவை கூடவே வந்து சேரும். ஆனால் இந்தப் பெட்டியின் உயிர் ஐந்தாவது தகட்டில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. சறுக்கல் கதையை உடைப்பதற்கான சாட்சியம் அங்கேதான் கிடக்கிறது.

ஃபாக்ஸின் இயற்பெயர் டென்னிஸ் லீ. 1948இல் லங்காஷயரில் உள்ள சோர்லி என்ற ஆலை நகரத்தில் பிறந்தவர். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, குத்துச்சண்டை வீரரும்கூட. தாய் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வளர்ந்த காலத்தில் வட இங்கிலாந்தின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. கூரை இடிந்த கட்டடங்களுக்குள் செடி முளைத்து, ஜன்னல் வழியாகக் கிளை நீட்டும். அந்தப் பாழ்களில் விளையாடித் திரிந்த சிறுவன் அவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய இசையில் நகரம் வரும்போதெல்லாம் அதன் ஓரத்தில் ஒரு செடியும் காத்துக்கொண்டிருக்கும்.

லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படிக்கும்போது அவர் தொடங்கிய குழு பின்னர் 'அல்ட்ராவாக்ஸ்' ஆனது. ஐலண்ட் நிறுவனம் 1977, 1978 ஆண்டுகளில் அவர்களுடைய மூன்று ஆல்பங்களை வெளியிட்டது. மூன்றாவதான 'சிஸ்டம்ஸ் ஆஃப் ரொமான்ஸ்' ஜெர்மனியில் கோனி பிளாங்க்கின் மேற்பார்வையில் பதிவானது. கிதாரும் சிந்தசைசரும் ஒன்றோடொன்று இழைந்து எது எதுவென்று பிரிக்க முடியாதபடி ஒலிக்கும் ஆல்பம் அது. விற்கவில்லை. நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. 1979 தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடிந்த கையோடு ஃபாக்ஸ் விலகினார், குழுவின் பெயரை மற்றவர்களிடமே விட்டுவிட்டு.

அடுத்து நடந்தவை அவருக்குக் கொஞ்சம் கொடுமையானவை. அதே ஆண்டு கோடையில், அல்ட்ராவாக்ஸின் தாக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட கேரி நியூமன், சிந்தசைசர் பாட்டு ஒன்றைப் பட்டியலின் முதலிடத்தில் நான்கு வாரம் நிறுத்தினார். 1981இல் மிட்ஜ் யூரின் தலைமையில் புத்துயிர் பெற்ற அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா' இரண்டாம் இடம்வரை போனது. ஃபாக்ஸின் சிங்கிள்களில் மேலே போனது 31ஆம் இடத்தைத் தொட்ட 'அண்டர்பாஸ்'தான். வழி போட்டவர் ஒருவர், நடந்து போனவர்கள் வேறு சிலர். இசையில் இது அடிக்கடி நடப்பதுதான். ஃபாக்ஸ் விஷயத்தில் மட்டும் இந்த ஒப்பீடு அவருடைய ஒவ்வொரு ஆல்பத்தின் மீதும் நிழலாக விழுந்து, அந்த ஆல்பத்தை அதற்காகவே கேட்க விடாமல் செய்தது.

முதலில் 'மெட்டமாட்டிக்'. புகழ்பெற்ற தகடு என்பதால் இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது எப்படி உருவானது என்று தெரியாவிட்டால் அடுத்து வந்தவை புரியாது. லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் பாத்வே என்றொரு ஸ்டூடியோ இருந்தது. மிகச் சிறியது. எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஆல்பமும் அங்கேதான் பதிவானது. எட்டே தடங்கள் கொண்ட பதிவுக் கருவி. அப்போதே பெரிய ஸ்டூடியோக்கள் இருபத்துநான்கு தடங்களுக்குப் போய்விட்டிருந்தன. ஃபாக்ஸோடு வேலை செய்த ஒலிப்பதிவாளர் கேரத் ஜோன்ஸ் அப்போது தொழிலில் புதியவர். ஆர்ப் ஒடிஸி என்ற சிந்தசைசர், எல்கா நிறுவனத்தின் தந்தியிசை விசைப்பலகை, ரோலண்ட் சிஆர்-78 என்ற தாள இயந்திரம் ஆகியவையே பெரும்பாலான வேலையைச் செய்தன.

எட்டுத் தடம் என்றால் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். தாளத்துக்கு ஒன்றோ இரண்டோ, குரலுக்கு ஒன்று, மீதிக்குள் எல்லாம் அடங்க வேண்டும். பிடிக்காவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் அடுக்கி வைக்க முடியாது. ஒடிஸியோ ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களுக்கு மேல் ஒலிக்காத கருவி. பல சுரங்களை ஒன்றாக அடுக்கும் முழு கார்டை அதில் வாசிக்க வழியில்லை. ஆகவே அந்த ஆல்பத்தில் ஒலிகளுக்கு இடையே பெரிய பெரிய வெற்றிடங்கள். 'அண்டர்பாஸ்' பாட்டைக் கேட்டால் தெரியும். அடியில் கனத்த ஒரு சிந்தசைசர் வரி திரும்பத் திரும்ப இறங்கி வருகிறது, தாள இயந்திரம் தன் போக்கில் சொடுக்கிக்கொண்டே இருக்கிறது, நடுவில் உணர்ச்சியைத் துடைத்துவிட்ட ஒரு குரல். வேறு எதுவும் இல்லை. இல்லாததுதான் அந்தப் பாட்டின் கட்டடக்கலை.

சிஆர்-78 பற்றி ஒரு வார்த்தை. மரப்பெட்டி போன்ற உடம்பு. முகப்பில் ரும்பா, போசா நோவா, வால்ட்ஸ் என்று பொத்தான்கள். வீட்டில் ஆர்கன் வாசிப்பவர்கள் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ளட்டும் என்று செய்த கருவி அது. நினைவகத்தில் நாமே தாளம் எழுதி வைக்கலாம் என்பது அதிலிருந்த புதுமை. வரவேற்பறைக்கென்று பிறந்த அந்தக் கருவியை ஃபாக்ஸ் ஆளற்ற சுரங்கப்பாதைக்கும் ஓட்டுநர் இல்லாத காருக்கும் கொண்டுபோனார். ஜே.ஜி. பாலர்டின் நாவல்கள் அவருக்கு ஆதர்சம் என்பதை அவர் மறைத்ததில்லை. நெடுஞ்சாலை, கண்ணாடி, சிமெண்ட், மோதல். மனிதர்கள் கரைந்துபோய்க் கட்டடங்கள் மட்டும் மிஞ்சும் உலகம் அது. ஆல்பத்தின் பெயர்கூட சிற்பி ழான் டிங்கெலி செய்த ஓவியம் வரையும் இயந்திரங்களிலிருந்து எடுத்தது.

இப்படியொரு முழுமை ஓர் இசைக்கலைஞரின் முதல் தனி ஆல்பத்திலேயே வாய்த்துவிட்டால் ரசிகர்கள் அதையே திரும்பக் கேட்பார்கள். 1981 செப்டம்பரில் 'தி கார்டன்' வந்தபோது அவர்கள் கேட்டது வேறொன்று. உண்மையான டிரம்ஸ். கிதார், அதுவும் அல்ட்ராவாக்ஸில் கூட இருந்த ராபின் சைமனின் கிதார். இசைத்து நீட்டிப் பாடும் குரல். லத்தீன் பிரார்த்தனை. உறைந்த முகத்தோடு நின்றவர் திடீரென்று மலர்களுக்கு நடுவே போய் நின்றால் எப்படியிருக்கும்? இயந்திரத்தை விட்டுவிட்டார், மரபுக்குத் திரும்பிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். சறுக்கல் கதையின் முதல் படி இதுதான்.

ஐந்தாவது தகடு இங்கேதான் வேலை செய்கிறது. 'மெட்டமாட்டிக்'குக்கும் 'தி கார்ட'னுக்கும் நடுவில் இருபது மாதங்கள். அந்த இடைவெளியில் ஃபாக்ஸ் சும்மா இருக்கவில்லை. 1980 கோடையில் 'பர்னிங் கார்', ஆண்டின் கடைசியில் 'மைல்ஸ் அவே' என்று இரண்டு சிங்கிள்கள். இரண்டுமே எந்த ஆல்பத்திலும் சேரவில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டனில் அது வழக்கம்தான்: சிங்கிளை வாங்கியவரை ஆல்பத்திலும் அதே பாட்டுக்குக் காசு கொடுக்க வைப்பது முறையில்லை என்ற எண்ணம் பல குழுக்களுக்கு இருந்தது. வாங்குபவருக்கு நல்லது. வரலாற்றுக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் பின்னாளில் ஆல்பங்களை மட்டும் வரிசைப்படுத்திக் கேட்பவருக்கு நடுப்பக்கங்கள் கிழிந்துபோன புத்தகமே கிடைக்கிறது.

'பர்னிங் கார்' இன்னும் 'மெட்டமாட்டிக்'கின் உலகத்தில்தான் இருக்கிறது. ஆனால் வேகம் கூடியிருக்கிறது, உள்ளே ஒரு பதற்றம் புகுந்திருக்கிறது. 'மைல்ஸ் அவே' வரும்போது நிஜ டிரம்ஸ் நுழைந்துவிடுகிறது. குரல் தரையை விட்டு எழும்பத் தொடங்குகிறது. அதற்கடுத்து 'யூரோப் ஆஃப்டர் தி ரெயின்'. மாக்ஸ் எர்ன்ஸ்ட் போர்க்காலத்தில் வரைந்து முடித்த ஓவியத்தின் பெயர் அது. அழிந்துபோன கண்டத்தின் மேல் பாசியும் பவளமும் போல ஏதோ வளர்ந்து மூடிய காட்சி. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் திடீர்த் திருப்பம் எதுவும் தெரியாது. ஒரே ஆள் ஒரே தெருவில் நடந்து போகிறார். வெளிச்சம்தான் மெல்ல மாறுகிறது.

பின்பக்கப் பாடல்களில் இன்னொரு சாட்சியம். 'அண்டர்பாஸ்' சிங்கிளின் மறுபக்கத்தில் 'ஃபிலிம் ஒன்', 'நோ-ஒன் டிரைவிங்' சிங்கிளோடு 'கிளிம்மர்'. இரண்டும் பாடல்வரி இல்லாத கருவியிசை. 'மெட்டமாட்டிக்'கின் இறுக்கம் அவற்றில் இல்லை. சொல்லுக்கு அவசியமே இல்லாத, படம் போல விரியும் இசை. பின்னாளில் 'கதீட்ரல் ஓஷன்ஸ்' வரிசையிலும் ஹரால்ட் பட்டோடு சேர்ந்து 2003இல் வெளியிட்ட பதிவுகளிலும் ஃபாக்ஸ் முழுநேரமாகச் செய்த காரியத்தின் விதை இங்கே, அவருடைய மிகக் கடுமையான ஆல்பம் வந்த அதே வாரங்களில், யாரும் திருப்பிப் போட்டுக் கேட்காத பக்கத்தில் விழுந்திருக்கிறது. 'ட்வென்டியத் செஞ்சுரி' என்ற பின்பக்கப் பாட்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான முகப்பிசையாகப் பயன்பட்டது. 'மை ஃபேஸ்' பாட்டு 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த வளையும் பிளாஸ்டிக் தட்டில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வண்ணப் பத்திரிகைக்குள் ஃபாக்ஸ்! அவரைத் தனிமைவாசி என்றே நினைத்துப் பழகியவர்களுக்கு இது ஒரு திருத்தம்.

'தி கார்டன்' ஆல்பத்தை இந்தப் பின்னணியோடு மறுபடி கேட்டால் அது என்ன செய்கிறது என்பது விளங்கும். சிந்தசைசர் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. அது இப்போது கருங்கல் சுவராக நிற்பதை விட்டுப் பனிமூட்டமாகப் பரவுகிறது. 'பேட்டர் நாஸ்டர்' பாட்டில் லத்தீன் கிறிஸ்தவப் பிரார்த்தனை, விரையும் மின் தாளத்தின் மேல் அடுக்கடுக்கான குரல்களாக எழுகிறது. கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர் சிறுவயதில் கோயில் சுவர்களுக்கு நடுவே கேட்ட எதிரொலியை ஸ்டூடியோவின் எதிரொலிக் கருவியில் தேடுகிறார். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்பதைக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பாட்டின் மகிழ்ச்சி. கடைசியில் வரும் தலைப்புப் பாடல் ஏழு நிமிடம் ஓடுகிறது. அவசரம் துளியும் இல்லை.

ஃபாக்ஸ் எழுபதுகளின் கடைசியிலிருந்தே 'தி கொயட் மேன்' என்ற பெயரில் உரைநடைத் துணுக்குகள் எழுதிவந்தார். சாம்பல் நிற சூட் அணிந்த ஒருவர் லண்டனில் தனியாக நடக்கிறார், ஊரில் ஆளில்லை, தெருக்களில் காடு வளர்ந்திருக்கிறது. பின்னாளில் அவை நூலாகவும் வந்தன. இந்தக் கற்பனையை நடுவில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆல்பங்களும் ஒரே ஊரைப் பற்றியவை என்பது தெரிகிறது. 'மெட்டமாட்டிக்' செடி முளைப்பதற்கு முந்தைய லண்டன். 'தி கார்டன்' செடி மூடிய பின். சோர்லியின் ஆலைப் பாழ்களில் விளையாடிய சிறுவனுக்கு இரண்டுமே தெரிந்த ஊர்கள்தான். விமர்சகர்கள் முதலாவதை எதிர்காலம் என்றும் இரண்டாவதைக் கடந்தகால ஏக்கம் என்றும் பிரித்தார்கள். அவருடைய கால ஓட்டத்தில் காடு வளர்ந்த நகரம்தான் பிந்தியது.

இதே ஆண்டுகளில் ஃபாக்ஸ் செய்த இன்னொரு வேலை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதது. லண்டனின் ஷோர்டிச் பகுதியில், இன்றைய பகட்டு எதுவும் இல்லாத, கிடங்குகளும் காலிக் கட்டடங்களுமான அன்றைய ஷோர்டிச்சில், அவர் ஒரு ஸ்டூடியோ கட்டினார். அதன் பெயரும் 'தி கார்டன்'. சொந்தப் பதிவுகளுக்காகத் தொடங்கியது, பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. 1983இல் டெபெஷ் மோட் தங்கள் மூன்றாவது ஆல்பமான 'கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்'னை அங்கே பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் யார் என்றால், பாத்வேயில் எட்டுத் தடங்களோடு மல்லுக்கட்டிய அதே கேரத் ஜோன்ஸ்.

அந்த ஆல்பம் டெபெஷ் மோடின் வரலாற்றைத் திருப்பிப் போட்டது. ஸ்டூடியோவைச் சுற்றியிருந்த கட்டுமான இடங்களுக்கும் பாழிடங்களுக்கும் போய் இரும்புக் குழாய், தகரம், சங்கிலி என்று கிடைத்ததையெல்லாம் தட்டிப் பதிவு செய்துவந்து, அந்த ஓசைகளை மின்கருவிக்குள் ஏற்றி விசைப்பலகையில் வாசித்தார்கள். இனிப்பான பாப் பாடல்களுக்குப் பெயர்போன இளைஞர்கள் இரும்பின் ஒலிக்கு வந்த இடம் அது. அங்கிருந்து பெர்லினின் ஹன்ஸா ஸ்டூடியோவுக்கும், அடுத்தடுத்த ஆண்டுகளில் உலக மேடைகளுக்கும் போனார்கள். ஜோன்ஸும் கூடப் போனார். மாட் ஜான்சன் தன் 'தி தி' குழுவுக்காக அதே ஸ்டூடியோவில் வேலை செய்தார். பிறகு அதை அவரே வாங்கிக்கொண்டார். ஃபாக்ஸின் பெயர் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் கட்டிய அறைக்குள் எண்பதுகளின் பிரிட்டிஷ் மின்னிசை உருவாகிக்கொண்டிருந்தது. 18, 24, 27, 85 என்ற எண்களில் இதற்கு இடமில்லை.

இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'ஐடென்டிஃபிகேஷன் ஆஃப் எ வுமன்' படத்துக்கு ஃபாக்ஸ் இசையமைத்ததும் இந்தக் காலத்தில்தான், 1982இல். ஆளற்ற வெளிகளையும் கட்டடங்களின் மௌனத்தையும் அறுபதுகளிலேயே திரைக்குக் கொண்டுவந்தவர் அந்தோனியோனி. 'மெட்டமாட்டிக்'கின் ஊருக்கு முன்னோடியென்று சொல்லத்தக்கவரே அந்த ஆல்பத்தைச் செய்தவரை அழைத்தார். பட்டியலில் இடம் பிடிப்பதற்கு இணையாக இதை ஏன் யாரும் எண்ணவில்லை என்பது எனக்குப் பிடிபடாத விஷயம்.

இனி கசப்பான பகுதி. விடுபட்டவை என்பதாலேயே எல்லாம் புதையல் ஆகிவிடாது. மறுவெளியீட்டுக் குறிப்புகள் எழுதுவோர் பலரும் இந்த இடத்தில் மிகையாகப் புகழ்ந்து விஷயத்தைக் கெடுக்கிறார்கள். 1983இல் வந்த 'தி கோல்டன் செக்‌ஷன்' ஆல்பத்தை ஃபாக்ஸ் ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஜீயஸ் பி. ஹெல்டோடு சேர்ந்து செய்தார். பீட்டில்ஸின் 1967 காலத்து மயக்க இசை, தேவாலயப் பாட்டு, நடனத் தாளம் மூன்றையும் ஒன்றுசேர்க்கும் ஆசை. மெட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, பாட்டுகளும் உற்சாகமானவை. ஆனால் தடங்கள் பெருகிவிட்டன. பாத்வேயில் எதை விடுவது என்று முடிவெடுத்த கை, இங்கே எதையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் மூலையிலும் ஏதோ மினுங்குகிறது. அரைமணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது. 'எண்ட்லெஸ்லி' பாட்டை 1982இல் ஒரு வடிவத்தில் சிங்கிளாக வெளியிட்டு, மறு ஆண்டு ஆல்பத்துக்காக வேறு வடிவத்தில் செய்தார். திருப்தி இல்லாத ஒருவரின் வேலை என்பது அதிலேயே தெரிகிறது.

காலத்தின் திசையும் அவருக்கு எதிராகப் போயிற்று. 1983இல் சிந்தசைசர் என்பது பிரிட்டிஷ் பாப்பின் பொதுச் சொத்து. ஹ்யூமன் லீக், யாஸூ, யூரித்மிக்ஸ் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஃபாக்ஸ் தனியாக நின்று தொடங்கிவைத்த ஒலி தெருமுனைக் கடையிலெல்லாம் கேட்டது. அவரோ அப்போது அறுபதுகளின் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். ரசிகர்களுக்கு அவர் பின்னால் போவதாகப் பட்டது. அவரைப் பொறுத்தவரை எல்லோரும் வந்து குவிந்த இடத்திலிருந்து வெளியேறுவது இயல்பு. ஆனால் வெளியேறி எங்கே போவது என்பதில் அவருக்கே தெளிவில்லை என்பதை ஆல்பம் காட்டிக்கொடுக்கிறது.

1985இல் வந்த 'இன் மிஸ்டீரியஸ் வேஸ்' பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காதல் பாடல்கள், பெரிய டிரம்ஸ் ஒலி, அந்தக் காலத்து வானொலிக்கு ஏற்ற மெருகு. ஃபாக்ஸ் என்ற பெயரை எடுத்துவிட்டால் இன்னாருடையது என்று சொல்ல முடியாத பாடல்கள் பாதிக்கு மேல். அந்தக் காலத்து பாப் உலகில் தனக்கு ஈடுபாடே போய்விட்டது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்டால் அது உண்மை என்று தெரிகிறது. அதே ஆண்டு கவிஞர் ஆன் கிளார்க்கின் 'பிரஷர் பாயின்ட்ஸ்' ஆல்பத்தில் அவர் செய்த வேலை இதைவிட உயிர்ப்பானது. தன் பெயர் முன்னால் இல்லாதபோது அவருடைய காது கூர்மையாக இருந்திருக்கிறது.

பிறகு ஸ்டூடியோவை விட்டார். ஜான் ஃபாக்ஸ் என்ற பெயரை மடித்து வைத்துவிட்டு டென்னிஸ் லீ ஆனார். நூல் அட்டைகள் வடிவமைத்தார். ஜெனட் விண்டர்சனின் 'செக்ஸிங் தி செர்ரி', சல்மான் ருஷ்டியின் 'தி மூர்ஸ் லாஸ்ட் ஸை' ஆகியவற்றின் அட்டைகளில் அவர் கைவண்ணம் உண்டு. கொச்சி மிளகு வணிகக் குடும்பத்தின் கதையான அந்த ருஷ்டி நாவலைக் கையில் எடுத்துப் பார்த்த நம்மூர் வாசகர்களில் எத்தனை பேர் அதன் மேலட்டையில் 'அண்டர்பாஸ்' பாடியவரைப் பார்த்தோம் என்று அறிந்திருப்பார்கள்! இடையில் டிம் சிமெனானோடு 'நேஷன் 12' என்ற பெயரில் சில பதிவுகள், 'காட்ஸ்' என்ற கணினி விளையாட்டுக்கு இசை. 1997இல் 'ஷிஃப்டிங் சிட்டி', 'கதீட்ரல் ஓஷன்ஸ்' என்ற இரண்டு ஆல்பங்களோடு திரும்பி வந்தார். ஒன்று லூயி கோர்டனோடு செய்த கடும் மின்னிசை. இன்னொன்று எதிரொலியில் மிதக்கும் தேவாலயக் குரல்கள். நகரம் ஒரு தகட்டில், தோட்டம் ஒரு தகட்டில். எண்பதுகளில் ஒரே ஆல்பத்துக்குள் இரண்டையும் திணிக்க முயன்று தடுமாறியதை, பிரித்து வைத்ததும் சுலபமாகச் செய்துவிட்டார்.

பெட்டித் தொகுப்பு என்ற வடிவத்தையே கொஞ்சம் விசாரிக்க வேண்டும். 'தி வர்ஜின் இயர்ஸ்' என்ற தலைப்பு சொல்வது ஒரு கலைஞனின் பருவத்தை அல்ல, ஒப்பந்தத்தின் காலத்தை. வர்ஜின் நிறுவனம் 1992இல் இஎம்ஐ கைக்குப் போனது. இஎம்ஐயின் இசைப்பிரிவு 2012இல் யுனிவர்சலுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆயிரக்கணக்கான ஒலிநாடாக்கள் கிடங்கு மாறுகின்றன. பெருநிறுவனத்துக்கு அதிகம் விற்காத பெயர்களைத் தூசி தட்டி எடுக்க நேரமில்லை. எட்ஸல் போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்கள் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, பதிவுகளைச் செம்மைப்படுத்தி, குறிப்பெழுதி வெளியிடுகின்றன. ஃபாக்ஸின் ஆல்பங்களை இந்தப் பெட்டிக்கு முன்பே கூடுதல் பாடல்களோடு எட்ஸல் வெளியிட்டிருந்தது. இந்த உழைப்பு இல்லாவிட்டால் 'மைல்ஸ் அவே' இன்று பழைய தட்டுச் சந்தையில் தேடிப் பிடிக்கும் பொருளாக மட்டும் இருந்திருக்கும். இதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் குத்தகைப் பத்திரம் எங்கே கோடு போடுகிறதோ அங்கேயே கதையும் தொடங்கி முடிகிறது. 'தி கார்டன்' ஆல்பத்தில் 'சிஸ்டம்ஸ் ஆஃப் ரொமான்ஸ்' என்றொரு பாட்டு இருக்கிறது. 1978இல் அதே பெயரில் வந்த அல்ட்ராவாக்ஸ் ஆல்பத்துக்காக எழுதி, நேரத்துக்கு முடியாமல் விடுபட்ட பாட்டு. அதில் கிதார் வாசித்தவர் அந்த ஆல்பத்தில் வாசித்த அதே சைமன். 'மெட்டமாட்டிக்'கிலுள்ள 'ஹீஸ் எ லிக்விட்', 'டச் அண்ட் கோ' இரண்டையும் அல்ட்ராவாக்ஸ் மேடையில் அவர்கள் ஏற்கெனவே வாசித்திருந்தார்கள். அப்படியானால் 1980இல் தொடங்கும் ஒரு பெட்டிக்கு உண்மையான முதல் தகடு அதற்குள் இல்லை. 'மெட்டமாட்டிக்' எங்கிருந்தோ முளைத்த அதிசயமாகவும், 'தி கார்டன்' அதிலிருந்து விலகலாகவும் தோன்றுவதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம். 'சிஸ்டம்ஸ் ஆஃப் ரொமான்ஸ்' ஆல்பத்திலிருந்து நேராக 'தி கார்ட'னுக்குப் போய்ப் பாருங்கள்: கிதார், சிந்தசைசர், நீண்ட குரல், கனவு போன்ற வேகம், எல்லாம் விட்ட இடத்திலிருந்தே தொடர்கின்றன. அப்போது விலகல் என்று சொல்ல வேண்டியது 'மெட்டமாட்டிக்'கைத்தான். கையில் காசும் குழுவும் இல்லாத ஒருவர் எட்டுத் தடத்தோடு சில மாதங்கள் செய்த அற்புதமான விலகல்.

கலைஞர்களின் காலத்தை அவர்களுடைய பதிவு நிறுவனங்களை வைத்துப் பிரிப்பது நமக்குப் பழகிவிட்டது. கடைகளும் அப்படித்தான் அடுக்குகின்றன. ஃபாக்ஸ் விஷயத்தில் அந்தச் சாக்கு இப்போது இல்லை. அல்ட்ராவாக்ஸின் ஐலண்ட் நாடாக்களும் ஃபாக்ஸின் வர்ஜின் நாடாக்களும் ஒரே யுனிவர்சலின் கூரைக்குக் கீழே வந்துவிட்டன. 'சிஸ்டம்ஸ் ஆஃப் ரொமான்ஸ்', 'மெட்டமாட்டிக்', 1980இன் சிங்கிள்கள் பின்பக்கப் பாடல்களோடு, 'தி கார்டன்' என நான்கு தகடுகளில் 1978 முதல் 1981 வரையிலான ஒரு பெட்டியை யாராவது போட வேண்டும். அதுவரை இருக்கும் பெட்டியை வாங்குகிறவர்கள் அதிலிருக்கும் வரிசையில் கேட்க வேண்டாம். ஐந்தாவது தகட்டில் தொடங்கி இரண்டாவதுக்குப் போங்கள். முதலாவதை மூன்றாவதாகக் கேளுங்கள்.